ஏழாம் நம்பர் எஃகும் மைலிஸின் கொக்கியும்

ஸ்டெல்லான் ப்ரூமன் கேக்குக்குச் சொல்லிவைத்தது திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு. ஈயக் கொப்பரையைத் திறந்தது ஒன்பதரைக்கு. இடையில் இருந்த அந்த ஒன்றேகால் மணி நேரத்தை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம்.

ஹம்மர்வீக் என்ற அந்த ஸ்வீடன் ஊரில் நல்ல சேதி யாருக்கோ அவர்தான் கேக் வாங்க வேண்டும். பிறந்தநாள்காரி தன் கேக்கைத் தானே சுமந்து வருவாள். வேலையில் ஜெயித்தவன் தன் வெற்றியைத் தானே துண்டு போட்டுக் கொடுப்பான். கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்து, "பெரிசா ஒண்ணுமில்ல, ஏதோ அமைஞ்சது" என்று சொல்ல வேண்டும். தரையைப் பார்க்காமல் சொன்னவனை ஊர் ஜென்மத்துக்கும் மறக்காது. ஸ்டெல்லான் தரையைப் பார்ப்பதைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் இரண்டு தடவை ஒத்திகை பார்த்திருந்தான். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தால் கண்ணாடியில் என்ன தெரியும் என்பது அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

"பச்சைக் கலர் கேக்கா, பழம் வெச்சதா?" என்று பேக்கரிக்காரி போனில் கேட்டாள்.

"பச்சை. மேல ஒரு ஏழு போட்டுடு. வெள்ளிக்கிழமை வேணும்."

"ஏழு வயசா? பொண்ணா, பையனா?"

"எஃகு."

மறுமுனையில் எதையோ எழுதி அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள், "மெழுகுவத்தி வேண்டாம்ல?" என்றாள்.

ஊர் எஃகு ஆலையின் சோதனைக்கூடத்தில் ஸ்டெல்லானின் பிழைப்பு இதுதான். தண்ணீருக்குப் பதிலாக உருகிய ஈயத்தால் குளிரவைக்கும் ஒரு புதுவகை அணு உலையை ஸ்டாக்ஹோமில் சிலர் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஈயம் நல்ல பிள்ளை. லேசில் கொதிக்காது, கதிர்வீச்சையும் தடுக்கும். கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்று, எஃகைத் தின்னும். எந்த எஃகைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாலும் முதலில் அதன் சத்தை உறிஞ்சும், அப்புறம் உடம்பையே கரைக்கும். அந்த ஈயத்தைச் சுற்றவைக்கும் பம்பின் இறக்கைக்கு, ஈயம் தின்னாத எஃகு ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுப்பது ஸ்டெல்லானின் வேலை. ஒன்பது வருஷமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான்.

அவன் வார்த்த முதல் எஃகு மூன்று வாரத்தில் காணாமல் போனது. மூன்றாவது கரையவில்லை, நொறுங்கியது. நாலாவது கொப்பரைக்குள் இறக்குவதற்கு முன்பே மேஜை மேல் ஒடிந்தது. ஆறாவதைப் பற்றி அவன் காதுபட யாரும் பேசுவதில்லை. ஏழாம் நம்பர் அறுநூறு டிகிரி ஈயத்துக்குள் பதினாலு மாதமாகக் கிடந்தது. பத்தாயிரம் மணி நேரம். வீட்டில் அவன் மனைவி அக்னேத்தா அதை "உன் கடைக்குட்டி" என்பாள். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரின் பிறந்தநாளை மறந்திருக்கிறான், ஏழாம் நம்பர் கொப்பரையில் இறங்கிய தேதியை மறந்ததில்லை.

வியாழக்கிழமை ஸ்டாக்ஹோமிலிருந்து, இதற்குப் பணம் கொடுக்கும் குழு வரப்போகிறது. தலைவி இல்வா ரூசென்ப்ளாட். கையில் ஓர் எஃகு இருந்தால் இன்னும் ஐந்து வருஷம் வேலை தொடரும். இல்லையென்றால் புத்தாண்டோடு கொப்பரையை அணைத்துவிடுவார்கள். அந்த அறையில் சைக்கிள் நிறுத்தலாம் என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டது. ஐம்பத்தேழு வயதில், ஒன்பது வருஷம் ஈயத்தில் ஊறியவனை வேறு யார் கூப்பிட்டு நாற்காலி போடுவார்கள்?

கொப்பரையைக் கவனித்துக்கொள்வது மைலிஸ். அறுபதை எட்டியவள், பேச்சு அளந்துதான் வரும். சின்னப் பட்டை வில்லைகளாக வெட்டிய எஃகுத் துண்டுகளைக் கட்டி உள்ளே இறக்குவதும், சூட்டைப் பார்ப்பதும், நோட்டு எழுதுவதும் அவள்தான். ஆனால் அது அக்டோபர், எல்க் மான் வேட்டை வாரம். அந்த வாரம் அரசரே வந்து கதவைத் தட்டினாலும் மைலிஸ் காட்டில்தான் இருப்பாள்.

போவதற்கு முன் அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"புதன்கிழமை வந்துடுவேன். அதுவரைக்கும் கொப்பரையத் தொடாத."

"வியாழக்கிழமை குழு வருது மைலிஸ்."

"புதனுக்கு அடுத்தது வியாழன்தானே? நேரம் இருக்கு."

"சரி, சரி" என்றான் ஸ்டெல்லான். அவன் சரி சரி என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

திங்கட்கிழமை முகமூடி, கையுறை, ஏப்ரன் எல்லாம் மாட்டிக்கொண்டு அவனே திறந்தான். கிட்டத்தில் பார்க்கப் போடும் மூக்குக்கண்ணாடி முகமூடிக்குள் நுழையாததால் அதைக் கழற்றி ஜன்னலோரம் வைத்து, அங்கேயே மறந்தும் போனான். இது பின்னால் முக்கியமான விஷயமாகப் போகிறது.

எஃகு ஈயத்தில் மிதக்கும், தண்ணீரில் தக்கை மிதக்கிற மாதிரி. அதனால் ஒவ்வொரு வில்லையிலும் ஒரு துளை போட்டு, கொக்கி மாட்டி, அடியில் அழுத்திவைத்த பீங்கான் தண்டோடு பிடித்துவைக்க வேண்டும். இருபத்துநாலு வில்லை, இருபத்துநாலு கொக்கி. தண்டை மேலே தூக்கியபோது இருபத்துமூன்று வில்லைகள் அடுப்பில் மறந்துபோன பிஸ்கட் மாதிரி கறுத்துப் பொரிந்து வந்தன. பொறித்த நம்பரெல்லாம் போயிருந்தது. அதெல்லாம் ஊரார் பிள்ளைகள், ஒப்பிட்டுப் பார்க்கப் போட்ட கடைச்சரக்கு. ஸ்டெல்லானுக்குக் கவலையே இல்லை. கொக்கிகளைக் கழற்றி, வழக்கம்போல மைலிஸின் பழைய காபி டப்பாவில் போட்டான். ஈயம் அப்பிய கொக்கியை யார் பார்ப்பார்கள்?

ஏழாவது இடத்தில் ஈயம் மூடிய ஒரு சின்னக் கட்டி தண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வினிகரும் பெராக்சைடும் கலந்த கழுவுநீரில் போட்டான். ஈயம் நுரைத்துக் கழன்றது. உள்ளேயிருந்து பட்டையாக ஒரு துண்டு பளபளவென்று வெளியே வந்தது.

"ஏழு!" என்று கத்தினான். முகமூடிக்குள் கத்தியதால் அது பசுமாடு கத்தியது போல இருந்தது. பக்கத்து அறையிலிருந்து நுண்ணோக்கி பார்க்கும் உல்ரிகா ஓடிவந்தாள்.

"என்னாச்சு? சுட்டுக்கிட்டியா?"

"பாரு! ஒரு புள்ளி அரிப்புக்கூட இல்ல!"

"கொஞ்சம் வளைஞ்சிருக்கே."

"பதினாலு மாசம் அந்தச் சூட்டுல கெடந்தா நீயும்தான் வளைவ."

"இதுல துளை இருக்கணும்ல?"

ஸ்டெல்லான் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். துளை இல்லை. இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷன் உட்கார்ந்து யோசித்திருப்பான். ஒன்பது வருஷமாக நல்ல சேதிக்கு ஏங்கியவன் உட்கார்ந்து யோசிக்க மாட்டான்.

"மூடிக்கிச்சு" என்றான் மெதுவாக. சொல்லும்போது அவனுக்கே புல்லரித்தது. "உல்ரிகா, தன்னைத்தானே ஆத்திக்கிட்டிருக்கு!"

கொக்கி எங்கே என்று அவள் கேட்டாள். கரைந்திருக்கும் என்றான். கொக்கியே கரைந்துபோன இடத்தில் ஏழு நின்றிருக்கிறது என்றான். கொக்கி கரைந்துபோனால் மிதக்க வேண்டிய வில்லை அடியில் தண்டைப் பிடித்துக்கொண்டு என்ன செய்தது என்று அவள் கேட்கவில்லை, அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தத் துண்டுக்கு ஒரு முத்தம் கொடுக்கத் தோன்றியது. ஈயம் பட்ட எதையும் வாயருகே கொண்டுபோகக் கூடாது என்று சுவரில் அவனே கையெழுத்துப் போட்ட அறிவிப்பு தொங்கியதால் விட்டுவிட்டான்.

அன்று மத்தியானமே இல்வாவுக்குக் கடிதம் பறந்தது. ஏழாம் நம்பர் வென்றது, கொக்கி கரைந்தும் அது கரையவில்லை, துளையைத் தானே மூடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் ஆச்சரியக்குறி போட்டான். அலுவலகக் கடிதத்தில் அவன் ஆச்சரியக்குறி போட்டது அதுதான் முதல் தடவை. தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்பியிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் துண்டை அறுத்துத் தேய்த்து மெருகேற்றினான். நுண்ணோக்கியில் பார்த்தால் மேலே, ஈயத்தை உள்ளே விடாத அலுமினிய ஆக்சைடு தோல், பாலாடையைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது, ஓரிடத்திலும் கிழியாமல் ஓடியது. ஒன்பது வருஷமாக அவன் கனவில் கண்ட தோல். கண் கலங்கியது. உல்ரிகா மெதுவாக வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு, அந்தத் துண்டில் எதெது எவ்வளவு இருக்கிறது என்று உல்ரிகா அளந்து பார்த்தாள். சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்.

"குரோமியம் இருபத்தொண்ணு" என்றாள்.

"பத்து" என்றான் ஸ்டெல்லான். "நான்தானே வார்த்தேன். பத்துக்கு மேல போட்டா நொறுங்கும்னு ரெண்டு வருஷம் மண்டைய ஒடச்சிக்கிட்டேன்."

"இருபத்தொண்ணு காட்டுது."

"உன் மெஷின் சரியில்ல."

"என் மெஷினா?" உல்ரிகா குரலை உயர்த்தவில்லை. ஆனால் நாற்காலியைப் பின்னால் தள்ளி, திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

அப்போதுதான் மைலிஸ் வந்தாள். புகை வாசம், பச்சைக் கோட்டு, கையில் துணி சுற்றிய இறைச்சிப் பொட்டலம். கணினித் திரையில் பெரிதாக நின்ற படத்தை நின்றபடியே பார்த்தாள்.

"என்னப்பா, என் கொக்கிய அறுத்துட்டியா?"

"கொக்கி இல்ல மைலிஸ். இது ஏழு."

"ஏழா? துளை எங்க?"

"மூடிக்கிச்சு."

"மூடிக்கிச்சா?" என்றாள் மைலிஸ். உல்ரிகாவைப் பார்த்தாள். உல்ரிகா ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைலிஸ் வாக்குவாதம் செய்கிற ஆள் இல்லை. காபி டப்பாவைக் கவிழ்த்து ஒரு கொக்கியை எடுத்துக் கழுவுநீரில் போட்டாள். பத்து நிமிஷத்தில் பளபளவென்று ஒரு வளைந்த பட்டை மேலே வந்தது. இரண்டாவதைப் போட்டாள், மூன்றாவதையும் போட்டாள். எல்லாம் அதே பளபளப்பு. ஜன்னலோரம் கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து ஸ்டெல்லான் கையில் கொடுத்தாள். பிறகு, திங்கட்கிழமை கொப்பரையின் மேலிருந்து அவன் வழித்துப்போட்ட ஈய ஆடையை ஒரு குச்சியால் கிளறினாள். வெகு நேரம் கிளறினாள். கடைசியில் நகத்தளவு கறுத்த பொருக்கு ஒன்று அகப்பட்டது. அதன் ஓரத்தில் பாதி வட்டமாக ஒரு வெட்டு.

"இந்தா உன் துளை. மூடல" என்றாள்.

ஸ்டெல்லான் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் எல்லாமே தெளிவாகத் தெரிந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஏழு அரித்துப்போய், துளையோரம் இற்று, கொக்கியை விட்டுக் கழன்று மேலே மிதந்திருக்கிறது. எப்போது என்று ஈயத்துக்குத்தான் தெரியும். அவன் மூன்று நாளாகத் தலையில் தூக்கி வைத்து ஆடியது, அதைப் பிடித்துவைத்திருந்த கொக்கியை.

"இது என்ன பட்டை?" என்று கேட்டான்.

"டோஸ்டர் பட்டை. ஆலையோட அந்தக் கோடியில சூடேத்தற கம்பி இழுக்கறாங்கல்ல, அங்க என் மச்சான் இருக்கான். துண்டு துணுக்கு மிஞ்சினா குடுப்பான். ஆரம்பத்துல நீ வாங்கித் தந்த கொக்கியெல்லாம் ஒரு மாசத்துல கரைஞ்சு போச்சு. அதான் இத வளைச்சுப் போட்டேன்."

"இந்தத் தடவையா?"

"ஒன்பது வருஷமா."

"ஒன்பது வருஷமா இந்த ரகமா?"

"ரகம் என்ன ரகம், இதே கொக்கிங்கதான். நல்லாத்தானே இருக்கு, தூக்கிப் போட மனசு வரல."

ஸ்டெல்லான் உட்கார்ந்துவிட்டான். மைலிஸ் கொப்பரை நோட்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, சூடு, ஆக்சிஜன், வில்லைகளின் நிலை என்று கட்டம் கட்டமாக இருக்கும். வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒல்லியாக ஒரு பத்தி. ஸ்டெல்லான் ஒன்பது வருஷமாக வில்லைகளின் நிலை வரைக்கும் வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறவன். இன்றுதான் வலது ஓரத்துக்குப் போனான்.

'கொக்கி நல்லா இருக்கு. அதையே திரும்பப் போட்டேன்.' அடுத்த பக்கம்: 'கொக்கி நல்லா இருக்கு.' அதற்கடுத்தது: 'வில்லை ஒண்ணுமே மிச்சமில்லை. கொக்கி நல்லா இருக்கு.' இப்படி முப்பத்தோரு தடவை. நாலாவது வருஷத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தாள்: 'கொக்கி நல்லா இருக்கு. ஸ்டெல்லான்கிட்ட சொன்னேன். சரி சரின்னான்.'

அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். தோற்றது அவனுக்குப் புதிதில்லை, ஆறு எஃகில் தோற்றவன். பதில் கைக்கெட்டும் தூரத்தில், அதுவும் கையாலேயே கழற்றிக் காபி டப்பாவில் போடும் தூரத்தில் இருந்திருக்கிறது. சொல்லவும் சொல்லியிருக்கிறாள். அவனுக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது.

"கடிதம் போட்டுட்டேன் மைலிஸ். ஏழு ஜெயிச்சிடுச்சுன்னு."

"அது உன் பாடு. நான் ஒண்ணும் சொல்லிக்க மாட்டேன்" என்றாள் அவள். "எல்க் கறி ரெண்டு கிலோ வெச்சிருக்கேன். அக்னேத்தாகிட்ட குடு."

அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். உல்ரிகாவும் கேட்டாலொழிய வாய் திறக்க மாட்டாள். ஆக, வியாழக்கிழமை என்ன பேசுவது என்பது முழுக்க முழுக்க அவன் வாயில்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் சமையலறையில் கதையைக் கேட்ட அக்னேத்தா சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டாள். முடியாமல் போனதும் எழுந்து போய் டோஸ்டரின் பிடியை அழுத்தினாள். உள்ளே கம்பி சிவந்தது.

"இந்தா பாரு, உன் விரோதி. தெனமும் காலைல நமக்கு ரொட்டி வாட்டிக் குடுத்துட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி ஒக்காந்திருந்திருக்கு."

"கிண்டல் பண்ணாத. நாளைக்கு ஒரு நாள் வாய மூடிக்கிட்டா அஞ்சு வருஷம் கிடைக்கும் அக்னேத்தா. அதுக்குள்ள நிஜமாவே ஒரு ஏழாம் நம்பர் பண்ணிடலாம்."

"எட்டு."

"என்ன?"

"அது எட்டாவதுல்ல?" உருளைக்கிழங்கை அவன் தட்டில் வைத்தாள். "பண்ணல்லேன்னு வெச்சுக்க. உன் பேச்ச நம்பி பம்பை செஞ்சு உள்ள வெச்சுடறாங்க. இறக்கை தேஞ்சு போச்சுன்னா யாரு அந்த உலைக்குள்ள போய் மாத்துவா? நீயா?"

அவன் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தான். எல்க் கறி நன்றாகத்தான் இருந்தது. அவனுக்கு இறங்கவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு இல்வா ரூசென்ப்ளாட் வந்து உட்கார்ந்தாள். கம்பளிச் சட்டை, கூர்மையான பென்சில், முகத்தில் இன்னும் எந்த முடிவும் இல்லை. கூட நாலு பேர். எல்லார் கையிலும் ஸ்டெல்லானின் கடிதம் அச்செடுத்து இருந்தது. ஆச்சரியக்குறி தெளிவாக விழுந்திருந்தது.

"கொக்கி கரைஞ்சும் எஃகு நின்னுச்சுன்னு எழுதியிருக்க" என்றாள் இல்வா. "துளைய தானே மூடிக்கிச்சுன்னும் எழுதியிருக்க. மொதல்ல அந்தத் துளையப் பத்திச் சொல்லு."

ஸ்டெல்லான் எழுந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தான். உள்ளே நகத்தளவு கறுத்த பொருக்கு.

"துளை இதுல இருக்கு, பாதி. மத்த பாதியும் ஏழாம் நம்பரும் கரைஞ்சு போச்சு. நீங்க படிச்சிட்டு வந்த கடிதம் ஒரு கொக்கியப் பத்தினது. திங்கட்கிழமை கண்ணாடி போடாம பார்த்து, செவ்வாக்கிழமை அத நெனச்சு அழுதும் இருக்கேன். அந்த வாக்கியத்த நானே வாசிச்சுடறேனே, நீங்க வாசிச்சா இன்னும் கேவலமா இருக்கும்." வாசித்தான். தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் துளை என்ற இடம் வந்ததும் குழுவில் ஒருவருக்குப் புரையேறியது. அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லானும் சிரித்தான். காது மட்டும் சுட்டது.

இல்வா சிரித்து முடித்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். "சரி. அந்தக் கொக்கி எத்தனை மணி நேரம் உள்ள இருந்துச்சு? பத்தாயிரமா?"

"அது மைலிஸுக்குத்தான் தெரியும்."

மைலிஸை அழைத்துவந்தார்கள். மரச்செருப்பு டக்டக்கென்று ஒலிக்க வந்து, நோட்டைத் திறந்து, வலது ஓரத்தை மட்டும் ஒரு தடவைகூட நிமிராமல் வாசித்தாள். மொத்தம் கூட்டினால் நாற்பத்தெட்டாயிரம் மணி நேரம் வந்தது. ஒரே கொக்கி, ஒரே ஈயம். அவ்வளவு நீளச் சோதனை ஸ்டெல்லானுக்குத் தெரிந்து யாரிடமும் இல்லை. இல்வா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆனா இந்தப் பட்டையால பம்ப் செய்ய முடியாதே" என்றாள். "குரோமியம் ரொம்ப ஜாஸ்தி. கொஞ்ச நாள் மிதமான சூட்டுல கிடந்தா பீங்கான் மாதிரி உடையும்."

"உடையும்" என்றான் ஸ்டெல்லான். "பம்ப வேற எஃகுல செய்யணும். இத மேல உருக்கித் தோலா பூசணும். உடம்பு தாங்கும், தோல் காக்கும்."

"உள்ள என்ன எஃகு? உன் ஏழாம் நம்பரா?"

கேள்வி அவன் முன்னால் வந்து பணிவாக நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. தோலுக்குள் மறைந்தாவது, யாருக்கும் தெரியாமலாவது, ஒன்பது வருஷமும் அந்தப் பம்புக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்திருந்த யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

"வேண்டாம்" என்றான். "கடையில கிடைக்கற சாதா எஃகு போதும். அதுமேல தோல் நல்லா ஒட்டும். ஏழாம் நம்பர் மேல ஒட்டாது, வெல்டு வெச்சா விரிசல் விடும். எனக்கு அது தெரியும். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

அதைச் சொல்லி முடித்தபோது கடைக்குட்டியை யாரோ தெரியாத ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்ட மாதிரி அவனுக்கு இருந்தது. நல்லவேளை, எல்லாரும் மைலிஸின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து வருஷம் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கிடைத்தது. கொப்பரை அணையாது, சைக்கிள்கள் மழையிலேயே நிற்கும். அறிக்கையில் முதல் பெயர் மைலிஸினுடையது என்று இல்வா சொன்னாள்.

"பேரெல்லாம் எதுக்கு?" என்றாள் மைலிஸ். "எல்க் வாரத்துல கொப்பரையத் திறக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க, அது போதும்." இரண்டையும் எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை பேக்கரிக்காரி சொன்ன நேரத்துக்குக் கேக்கை அனுப்பிவிட்டாள். பச்சையாக, உருண்டையாக, நட்டநடுவே வெள்ளையில் பெரிய ஏழு. பதினாறு பேர் சுற்றி நின்று காபி குடித்தார்கள். யாரும் ஏழைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வானிலையைப் பற்றிப் பேசினார்கள். நாகரிகமாக ஓரத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டி, நம்பரைத் தொடாமல் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டார்கள். கடைசித் துண்டை இங்கே எவனும் எடுக்க மாட்டான், பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவான். இந்தத் துண்டைப் பாதியாக்கக்கூட யாருக்கும் கை வரவில்லை. தட்டில் ஏழு மட்டும் தனியாக நின்றது.

"நீதான் சாப்பிடணும்" என்றாள் மைலிஸ்.

சாப்பிட்டான். அளவுக்கு மீறி இனித்தது.

நவம்பர் கடைசியில் புது வில்லைகள் தயாராயின. சாதா எஃகு, மேலே டோஸ்டர் பட்டையின் தோல். இந்தத் தடவை நீளமான காம்பு வைத்துச் செய்திருந்தார்கள். காம்பின் தலை ஈயத்துக்கு வெளியே, மூடிக்கடியில் நிற்கும். அதைப் பிடித்துவைக்கக் கொக்கி வேண்டும். பழைய கொக்கிகள் அத்தனையும் உல்ரிகாவின் நுண்ணோக்கியில் அறுபட்டு, பெயரும் எண்ணும் எழுதிய பெட்டிகளில் ராஜ மரியாதையோடு உட்கார்ந்திருந்தன.

"கொக்கிக்கு என்ன பண்றது?" என்று கேட்டான் ஸ்டெல்லான்.

மைலிஸ் ஏற்கெனவே மூலையில் உட்கார்ந்து எதையோ இடுக்கியால் வளைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் ஏழாம் நம்பர் நாப்பது கிலோ சும்மா கெடக்கே. கம்பியா இழுத்துத் தரச் சொல்லி மச்சான்கிட்ட குடுத்தேன். ஈயம் படாது, ஆவி மட்டும்தான் படும்."

"வளையுதா?" என்றான்.

"அழகா வளையுது. இந்த மாதிரி சொன்ன பேச்சு கேக்கற எஃக நான் பார்த்ததில்ல."

அந்த ஒரு வார்த்தை அவனைச் சாயங்காலம் வரைக்கும் தாங்கியது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொள்ளவில்லை என்று நினைத்தான். வீட்டுக்குப் போனதும் அக்னேத்தா, "என்ன, வாயெல்லாம் பல்லா இருக்கு?" என்று கேட்டாள்.

அதன்பிறகு நோட்டை எடுத்தால் வலது ஓரத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பான். இறக்கிய நாளன்று மைலிஸ் எழுதியிருந்தாள்: 'கொக்கி: ஏழாம் நம்பர். பார்ப்போம்.' டிசம்பரில் ஒன்றும் எழுதவில்லை. அவன் கேட்கவில்லை, கேட்க பயமாக இருந்தது.

ஜனவரியில் மைலிஸ் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எழுதிவிட்டு, காபிக்குப் போனாள். ஸ்டெல்லான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தான்.

'கொக்கி நல்லா இருக்கு.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தான். அறையில் அவனைத் தவிர யாரும் இல்லை. தரையைப் பார்த்தான்.

"பெரிசா ஒண்ணுமில்ல" என்றான். "ஏதோ அமைஞ்சது."